டிராக்சின் கேபி ஊசிமருந்து: மூச்சுத் திணறும் கன்றின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

சோயிட்டிஸ் நிறுவனத்தின் டிராக்சின் கேபி, இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளின் நுரையீரல் நோய்க்கென்று அமெரிக்காவில் 2021இல் அனுமதி பெற்ற ஊசிமருந்து. டெக்சாஸ் மாநிலத்தின் வடமுனையான பேன்ஹேண்டில் பகுதியில் உள்ள ஒரு பெரிய மாட்டுப்பட்டியில் நோயுற்ற கன்றுகளைக் கவனிக்கும் குழுவில் நான் வேலை செய்கிறேன். எங்கள் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுக்கும் முறைப்படி இந்த மருந்தை இரண்டு இலையுதிர் காலங்கள் பயன்படுத்திப் பார்த்த பின்பே இதை எழுத உட்கார்ந்தேன். பட்டிகளில் ஒரு மருந்தை எடை போடும்போது வழக்கமாக மூன்று கேள்விகள் எழும்: எத்தனை கன்றுகள் பிழைத்தன, எடை எவ்வளவு ஏறியது, தலைக்கு என்ன செலவானது. மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஊசி போட்ட அன்றிரவு அந்தக் கன்றுக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியை அவற்றுக்கு முன்னால் வைத்து இந்த மதிப்பீட்டைச் செய்திருக்கிறேன்.

நோயைப் பற்றிச் சொல்லாமல் மருந்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மிசிசிப்பி, அலபாமா, டென்னஸி போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் சிறு பண்ணைகளில் பிறந்து, ஆறேழு மாதம் தாயோடு மேய்ந்த கன்று ஒருநாள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, சந்தைக்குப் போய், முன்பின் பார்த்திராத பல பண்ணைக் கன்றுகளோடு கலந்து, லாரியில் ஓர் இரவும் பகலும் நின்றபடியே பயணம் செய்து எங்கள் பட்டிக்கு வந்து இறங்குகிறது. 28 மணி நேரத்துக்கு மேல் இறக்கி, தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்காமல் கொண்டுபோகக் கூடாது என்று கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வரம்புக்குள் முடிகிற பயணமே ஒரு கன்றுக்குப் போதுமான அலைக்கழிப்பு. அந்தக் கலக்கத்தில் உடம்பின் எதிர்ப்பாற்றல் சரிகிறது. கூட்டத்தில் சுற்றிவரும் வைரஸ்கள் மூச்சுக்குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்குகின்றன. நலமாக இருக்கும் மாட்டின் தொண்டைக்கு மேலே சாதுவாகக் குடியிருக்கிற மான்ஹைமியா ஹீமோலிடிகா என்ற பாக்டீரியா அந்த நேரம் பார்த்துப் பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. இதனால்தான் இந்த நோய்க்கு இங்கே பயணக் காய்ச்சல் என்று பழைய பெயர். பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ் ஆகியவையும் இதில் பங்காளிகள். நம் ஊரில் மழைக்காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டுபோகும் தொண்டை அடைப்பானை உண்டாக்குவதும் பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் வேறொரு வகைதான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தக் கிருமிக் குடும்பம் தமிழ் வாசகருக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை.

உள்ளே நடப்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தின் தகுதி அங்கேதான் இருக்கிறது. குதிரையோடு ஒப்பிட்டால் மாட்டின் நுரையீரல் அதன் உடம்புக்குச் சிறியது. அது சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால், ஓர் அறைக்குப் போகும் வழி அடைத்துக்கொண்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று வந்து ஈடுசெய்வது மிகவும் குறைவு. மான்ஹைமியா சுரக்கும் நஞ்சு, அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்களையே கொல்கிறது. உடைந்த வெள்ளணுக்களிலிருந்து கொட்டும் நொதிகள் நுரையீரல் திசுவை அரிக்கின்றன. ஆக, கன்றின் நுரையீரலைக் கெடுப்பதில் பாக்டீரியாவுக்குப் பாதிப் பங்கு என்றால், கட்டுமீறிப்போன அதன் சொந்த அழற்சிக்கு மீதிப் பங்கு உண்டு. நுரையீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் குறைவு. ஆனால் மார்புக்கூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வில் அவை நிறைந்திருக்கின்றன. அழற்சி அந்தச் சவ்வைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு மூச்சும் வலிதான். நிமோனியா முற்றி விலாவில் குத்தல் எடுத்த மனிதர்களிடம் கேட்டால் அந்த வலி எத்தகையது என்று சொல்வார்கள். கன்று சொல்லாது. கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, முன்னங்கால் முட்டிகளை வெளியே அகட்டி வைத்துக்கொண்டு நிற்கும். மூச்சை விடும்போது மெல்ல முனகும். தீவனத் தொட்டிக்கு வராது, அசை போடாது, மற்றவை படுத்திருக்கும்போது அது மட்டும் படுக்காது. இவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதுவே போதிய வாக்குமூலம்.

டிராக்சின் கேபி இந்த இரண்டு பங்கையும் ஒரே ஊசியில் சந்திக்க முயல்கிறது. ஒரு மில்லிலிட்டரில் துலாத்ரோமைசின் 100 மில்லிகிராமும், கீட்டோப்ரோஃபென் 120 மில்லிகிராமும் இருக்கின்றன. முன்னது ஆன்டிபயாடிக், ஒரு முறை போட்டால் நுரையீரலில் பல நாட்கள் தங்கி வேலை செய்வது, 2005 முதல் தனியாகவே டிராக்சின் என்ற பெயரில் அமெரிக்காவில் புழக்கத்தில் இருப்பது. பின்னது அழற்சியையும் காய்ச்சலையும் தணிப்பது. கிலோ எடைக்குத் துலாத்ரோமைசின் 2.5 மில்லிகிராம், கீட்டோப்ரோஃபென் 3 மில்லிகிராம் என்ற கணக்கில், 100 பவுண்டு எடைக்கு 1.1 மில்லிலிட்டர் வீதம், கழுத்தில் தோலுக்கடியில் ஒரே தடவை போட வேண்டும். ஓரிடத்தில் 10 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. போட்ட பின் 18 நாட்களுக்கு அந்த மாட்டை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வீக்கம் இருக்கலாம் என்று மருந்துச் சீட்டிலேயே குறித்திருக்கிறார்கள்.

இந்த அளவுகளைப் படிக்கும்போது வறட்டு எண்களாகத் தோன்றும்; கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அப்படித் தோன்றாது. இதே நோக்கத்தோடு இதற்கு முன்பே வந்த இன்னொரு கூட்டு மருந்தான ரெஸ்ஃப்ளோர் கோல்டு, ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கையும் ஃப்ளூனிக்சின் என்ற அழற்சித் தணிப்பியையும் சேர்த்தது. நல்ல மருந்து, ஆனால் 100 பவுண்டுக்கு 6 மில்லிலிட்டர் வேண்டும். 600 பவுண்டுக் கன்றுக்கு 36 மில்லிலிட்டர், ஓரிடத்தில் 10க்கு மேல் போகக் கூடாது என்பதால் நான்கு இடத்தில் குத்த வேண்டும். டிராக்சின் கேபியில் அதே கன்றுக்கு 6.6 மில்லிலிட்டர், ஒரே குத்து. ஆன்டிபயாடிக்கைத் தோலுக்கடியில் போட்டுவிட்டு ஃப்ளூனிக்சினைத் தனியாகப் போடுவது மூன்றாவது வழி. ஆனால் ஊசி வழியாகக் கொடுக்கும் ஃப்ளூனிக்சினை மாட்டுக்கு இரத்தக்குழாயில்தான் போட அனுமதி. அதற்குக் கன்றின் தலையைக் கயிற்றில் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, கழுத்து இரத்தக்குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதுகில் ஊற்றித் தோல் வழியாக ஏறவிடும் ஃப்ளூனிக்சினும் இருக்கிறது. அதற்குக் குத்தலே இல்லை என்பது அதன் பெருமை.

நம் கால்நடை மருந்தகங்களில் மாட்டை நிறுத்திப் பிடிக்கும் டிராவிஸ் சட்டகத்தின் பெரிய அண்ணன் என்று சொல்லத்தக்க இரும்புக் கூண்டில்தான் இங்கே கன்றைப் பிடிக்கிறோம். பக்கச்சுவர்கள் இரண்டும் ஹைட்ராலிக் விசையில் நெருங்கி வந்து உடம்பை இறுக்கும். மூச்சுக்கு அலையும் கன்றின் மார்பை அப்படி நெருக்குவது அதற்குக் கொடுக்கும் இன்னொரு தண்டனைதான், வேறு வழியில்லை என்பதால் செய்கிறோம். ஆகவே கூண்டில் கழியும் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் என் கணக்கில் விலை உண்டு. ஒரே குத்தில் வேலை முடிந்து கதவைத் திறந்துவிட முடிவதை இந்த மருந்தின் முதல் நற்பண்பாக எழுதுகிறேன். விளம்பரங்கள் இதைத் தொழிலாளியின் நேர மிச்சமாகப் பேசும். கன்றுக்கு மிஞ்சுவது மூச்சு.

அடுத்து, மருந்து என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். காலையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலோடு கூண்டுக்கு வந்த கன்றுகளில் பெரும்பாலானவை அன்று மாலையே தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போவதை நான் பார்த்தேன். ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவை அந்த நிலைக்கு வர எங்கள் பட்டியில் பொதுவாக மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆனது. காய்ச்சலில் சுருண்டு கிடந்த உயிருக்கு ஓர் இரவு முன்கூட்டி விடுதலை கிடைப்பது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக இந்த வகை மருந்துகளைப் பற்றி வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: அழற்சித் தணிப்பியைச் சேர்த்தால் காய்ச்சல் விரைவாக இறங்குகிறது, சிலவற்றில் நுரையீரல் சேதமும் குறைந்திருக்கிறது. ஆனால் சாவு குறைந்ததா, கடைசியில் எடை கூடியதா என்று கேட்டால் விடைகள் சீராக இல்லை. எங்கள் பட்டியிலும் சாவு எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சாவையும் எடையையும் மட்டும் அளக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கூடுதல் விலை எதற்கு என்று கேட்டு, சாதாரண துலாத்ரோமைசினுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மருந்துச் சீட்டில் ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. அமெரிக்க அனுமதியில் இந்த மருந்தின் பணி, மேலே சொன்ன நான்கு கிருமிகளால் வரும் நோய்க்குச் சிகிச்சை, நோயோடு வரும் காய்ச்சலைக் கட்டுப்படுத்தல் என்று எழுதப்பட்டிருக்கிறது. வலி என்ற சொல் அதில் இல்லை. இதில் நிறுவனத்தின் பிழை எதுவும் இல்லை. காய்ச்சலை வெப்பமானி அளந்துவிடும். மாட்டின் வலியை அதிகாரிகள் ஏற்கும் விதத்தில் அளந்து நிறுவுவது கடினம். அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கப்படும் ஒரு விலங்கின் வலிக்கென்று முதன்முதலாக ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்ததே 2017இல்தான். அதுவும் கால் குளம்பு அழுகலால் வரும் வலிக்கு, முதுகில் ஊற்றும் அந்த ஃப்ளூனிக்சினுக்கு. விலாவில் குத்தலோடு மூச்சு விடும் கன்றின் வலி இன்னும் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. நலம் என்பது உடல் வெப்பம் என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுவதால் என்ன ஆகும் என்பதை எங்கள் பட்டியிலேயே பார்த்தேன்.

முதல் ஆண்டு நவம்பரில் சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமான ஒரு கிடேரி, 41 டிகிரிக் காய்ச்சலோடு வந்தது. ஊசி போட்டோம். மறுநாள் காலை 39 டிகிரி. நோய்ப்பட்டியில் இடநெருக்கடி, எண்ணைப் பார்த்து அதைப் பழைய பட்டிக்கே அனுப்பிவிட்டோம், அனுப்பலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். எழுபதுக்கு மேற்பட்ட கன்றுகள் முட்டி மோதும் தீவனத் தொட்டியில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. நான்காம் நாள் விடியலில் வேலியோரம் இறந்து கிடந்தது. திறந்து பார்த்தபோது நுரையீரலின் முன்பகுதி ஈரல்போலக் கெட்டித்து, மேலே மஞ்சள் நார்ப்படலம் தயிர்த்திரளாகப் படிந்து, விலாவோடு ஒட்டியிருந்தது. அது ஒருநாள் நோய் அல்ல. எங்கள் கண்ணில் படுவதற்குப் பல நாள் முன்பே தொடங்கியது. மறுநாள் காலை இறங்கிய வெப்பம் கீட்டோப்ரோஃபென் இறக்கியது. ஆன்டிபயாடிக் வென்றதற்கு அது சாட்சி இல்லை. மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த எண்ணை நாங்கள் படித்த விதம் தவறு. அதன் பின், இந்த ஊசி பெற்ற எந்தக் கன்றையும் வெப்பத்தை மட்டும் வைத்து அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். குறைந்தது மூன்று முழு நாட்கள் வைக்கோல் பரப்பிய நோய்ப்பட்டியில், கூட்டமில்லாத தொட்டியருகே இருந்து, தானாக வந்து தின்பதையும் அசை போடுவதையும் கண்ணால் கண்ட பிறகே அனுப்புகிறோம்.

எந்தப் புட்டியும் தீர்க்காத ஒரு சிக்கலும் உண்டு. மாடு வேட்டையாடப்படும் இனம். நலிவைக் காட்டினால் ஓநாய்க்கு இரையாகிவிடும் என்ற பழைய பயம் அதன் இரத்தத்தில் இருக்கிறது. குதிரையில் ஏறிப் பட்டிகளைச் சுற்றிவரும் கண்காணிப்பாளர் நெருங்கும்போது, அதுவரை தலைதொங்கி நின்ற கன்று காதை விறைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதை நான் தொலைவிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். கண்பார்வைச் சோதனையின் திறனை 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டபோது, நோயுற்ற நூறு கன்றுகளில் ஏறத்தாழ 62ஐத்தான் பிடிக்க முடிகிறது என்று கணக்கு வந்தது. நலமானவற்றிலும் நூற்றுக்கு 37 போல நோயாளி என்று தவறாக இழுக்கப்படுகின்றன. 1996இல் வெளியான இன்னோர் ஆய்வில் 469 மாடுகளின் நுரையீரல்களை வெட்டுமிடத்தில் சோதித்தபோது, ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாத மாடுகளில் 68 விழுக்காட்டில் நோயின் வடு இருந்தது. அவை யாருக்கும் தெரியாமல் நோயுற்று, யாருக்கும் தெரியாமல் துன்பப்பட்டு, தாமாகவே மீண்டவை. எவ்வளவு நல்ல வலிநிவாரணியும் கூண்டுக்கே வராத கன்றுக்கு எட்டாது. எனவே இந்த மருந்துக்குக் கூடுதலாகச் செலவிடத் தயாராக இருக்கும் பட்டி உரிமையாளர், அதே அக்கறையோடு கண்காணிப்பாளர் ஒருவருக்கு எத்தனை கன்றுகள் என்ற கணக்கையும் குறைக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

எல்லாக் கன்றுக்கும் இதைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபத்துக் கூடிய கன்றுகள் வந்து இறங்கியவுடனே கூட்டம் முழுவதற்கும் ஆன்டிபயாடிக் போடும் வழக்கம் இங்கே உண்டு. சாதாரண டிராக்சினுக்கு அதற்கான அனுமதி இருக்கிறது. கேபிக்கு அது இல்லை. நோயுற்றதற்குச் சிகிச்சைக்கு மட்டுமே இது. அது சரியான வரம்பு என்றே கருதுகிறேன். பயணத்தில் நீர்வற்றி வந்திருக்கும் கன்றுக்குக் கீட்டோப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் தாக்கக்கூடும். நோயுற்ற கன்றுக்குங்கூட முதலில் தண்ணீரும் ஓய்வும் கொடுப்பதும், இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தையோ டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையோ உடன் சேர்க்காதிருப்பதும் கட்டாயம். ஆன்டிபயாடிக்கின் பக்கத்தில் இன்னும் பெரிய கவலை இருக்கிறது: நெப்ராஸ்கா மாநிலத்துக் கன்று ஒன்றிலிருந்து 2005இல் எடுத்த பாஸ்டுரெல்லாவில், பன்னிரண்டு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே மூட்டையாகக் கட்டி அடுத்த பாக்டீரியாவுக்குக் கைமாற்றும் மரபுத் துண்டு இருந்தது தெரியவந்தது. துலாத்ரோமைசினுக்கு அடங்காத மான்ஹைமியா பெருகினால், அன்றிரவு கன்றுக்கு ஆறுதல் தரும் கீட்டோப்ரோஃபென் மட்டும் வேலை செய்து, நோய் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கிடேரிக்கு நேர்ந்தது மீண்டும் மீண்டும் நேரும். 2023 ஜூன் 11 முதல் மனிதருக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் அனைத்தையும் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது என்று ஆனது. வேலை சற்றே கூடினாலும் அதை நான் வரவேற்கிறேன்.

தமிழ்நாட்டில் மாடு வைத்திருப்பவர்களும் அங்குள்ள கால்நடை மருத்துவர்களும் இதைப் படித்துவிட்டு இந்தக் கலவையைத் தேட வேண்டாம் என்பதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கீட்டோப்ரோஃபென் பெற்ற மாடு இறந்து, அதன் உடலைப் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றால் அவை சிறுநீரகம் கெட்டுச் சாகும். டைக்ளோஃபெனாக்கை இதே காரணத்துக்காக 2006இல் தடுத்த இந்திய அரசு, 2023 ஜூலை இறுதியில் கீட்டோப்ரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்துவிட்டது. முதுமலையிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு அந்தத் தடைதான் அரண். அங்கே நுரையீரல் நோயில் அழற்சியைத் தணிக்க வேண்டுமென்றால், கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்தறியப்பட்ட மெலாக்சிகாம் இருக்கிறது. மாட்டின் வலியைப் பொருட்படுத்த வேண்டும் என்ற கருத்துக்கு நாடு கிடையாது. எந்தப் புட்டியில் அதைச் செய்வது என்பது மட்டும் அந்தந்த மண்ணைப் பொறுத்தது.

இங்கே, அமெரிக்கப் பட்டியில், காய்ச்சலோடு முதல்முறை கூண்டுக்கு வரும் கன்றுக்கு எங்கள் மருத்துவர் இப்போது இதைத்தான் எழுதுகிறார், நானும் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். இரண்டாம் முறை திரும்பி வரும் கன்றுக்கு வேறு வகை ஆன்டிபயாடிக். மூன்றாம் முறையும் வந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, ஊசிக்கும் அசையாமல் நிற்கும் கன்றுக்கு இன்னொரு ஊசி எழுதுவதில்லை. மருத்துவரை அழைத்து, அதன் வேதனையை அன்றே முடித்துவிடுகிறோம். முன்பு அந்த முடிவுக்கு வர ஒரு வாரம் ஆகும். இப்போது நோய்ப்பட்டியின் கதவில் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கன்றின் எண்ணுக்கு எதிரிலும் வெப்பம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறோம். படுத்ததா, தண்ணீர் குடித்ததா, அசை போட்டதா என்று இரவுக் காவலர் அதில் குறித்து வைக்கிறார், காலையில் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறோம்.